மனசுல ஆறு, விரல்ல மூணு

உடுமலைப்பேட்டை உழவர் சந்தையில் காலை வேளையில் கீரைக் கடைகள் பக்கம் சற்று நின்று பார்த்தால் தெரியும். விற்ற கட்டுகளைக் கணக்குப் பார்க்கும் வயதான அம்மா ஒருவர், கட்டைவிரலைச் சுண்டுவிரலின் அடிக்கணுவில் வைத்து, கணுக் கணுவாக மேலே ஏற்றிக்கொண்டு போவார். விரலுக்கு மூன்று கணு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. ஒரு கைக்குள் ஒரு டஜன் அடங்கிவிடுகிறது. விரல் நுனியையும் சேர்த்துக்கொள்பவர்களுக்குப் பதினாறு. மற்றொரு கை சில்லறை எண்ணிக் கொடுக்கும்.

அதே அம்மாவின் பேரன் வீட்டில் உட்கார்ந்து ஆறும் மூன்றும் எத்தனை என்று விரல் மடக்கினால் மட்டும், “விரல் விடாமச் சொல்லு கண்ணு” என்று அதட்டல் வருகிறது. பாட்டி எண்ணினால் அனுபவம், பேரன் எண்ணினால் மந்தம் என்ற எண்ணம் நம்மிடம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அறிவியல் சொல்வது வேறு.

குழந்தைக்கு எண் எப்படிப் பிடிபடுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இரண்டரை, மூன்று வயதில் பல பிள்ளைகள் பத்து வரை மழலையில் ஒப்பித்துவிடுவார்கள். “மூணு நெல்லிக்காய் எடுத்துக் குடு” என்று கேட்டால், கை கொண்ட மட்டும் அள்ளி நீட்டுவார்கள். இந்தச் சோதனையை முறைப்படி செய்து 1990-ல் கட்டுரை வெளியிட்டவர் அமெரிக்க உளவியலாளர் கேரன் வின். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது மூன்றரை வயதை ஒட்டித்தான் பெரும்பாலும் விளங்குகிறது என்று அவர் கண்டார். எண்களைச் சொல்வதற்கும் எண்ணுவதற்கும் இடையே உள்ள அந்தப் பள்ளத்தைத் தாண்ட விரல்கள் துணை நிற்கின்றன. ஒரு சொல்லுக்கு ஒரு விரல் எழும்புகிறது. ஐந்து சொல்லி முடித்த பிறகும் விரிந்த கை ஐந்தாக அங்கேயே நிற்கிறது. வாயில் சொன்னது காற்றோடு போனாலும் கையில் இருப்பது போகாது.

எண்ணுவதில் சொல்லைவிட வரிசைதான் முக்கியம். களத்தில் தானியம் அளப்பவர்கள் ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்கி, ரெண்டு, மூணு என்று தொடர்வது நம் ஊர் வழக்கம். கணக்கு ஒருபோதும் தப்பாது. சொல் எதுவானாலும் வரிசை மாறக்கூடாது என்பது, உளவியலாளர்கள் கெல்மனும் கேலிஸ்டலும் 1978-ல் எழுதிய நூலில் வகுத்த எண்ணும் விதிகளில் ஒன்று. களத்து மேட்டுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் தெவனோவின் குழு, விரலைப் பயன்படுத்தாமல் கூட்டிக்கொண்டிருந்த ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு விரல் வைத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தது. முன்பு நூற்றுக்கு 37 விடைகளைச் சரியாகச் சொன்னவர்கள், பயிற்சிக்குப் பின் 77 சொன்னார்கள். 2024-ல் வெளிவந்த முடிவு இது. நினைவாற்றல் குறைந்த பிள்ளைகள்தான் விரலை நாடுவார்கள் என்ற நம்பிக்கையும் நிற்கவில்லை. நினைவாற்றல் நன்றாக உள்ள பிள்ளைகளே அதிகம் விரலைப் பயன்படுத்துகிறார்கள் என்று இதே குழு 2018-ல் கண்டிருந்தது. யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. விரலைக் கொண்டு கூட்டலாம் என்று தானாகக் கண்டுபிடிப்பதற்கே புத்தி வேண்டுமே.

மூளைக்குள்ளும் விரலும் எண்ணும் அக்கம்பக்கத்து வீடுகள். 1924-ல் வியன்னாவில் நரம்பியல் மருத்துவர் யோசெஃப் கெர்ஸ்ட்மன் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவரால் தன் விரல் எது என்று அடையாளம் சொல்ல முடியவில்லை. இடது காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் உள்ள மூளைப் பகுதி பாதிக்கப்பட்டால் விரல் குழப்பமும் கணக்குக் குழப்பமும் சேர்ந்தே வருவதுண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று. 8 முதல் 13 வயதுப் பிள்ளைகள் விரலை அசைக்காமல் மனக்கணக்காகக் கழித்தபோதும், மூளையில் விரலை உணரும் பகுதி வேலை செய்ததை ஆராய்ச்சியாளர்கள் பெர்டலெட்டியும் பூத்தும் 2015-ல் படம்பிடித்துக் காட்டினார்கள்.

அப்படியானால் எவ்வளவு காலம் விரல் விடலாம்? இதற்கான பதில் நம் ஆரம்பப் பள்ளிகளில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு வாசகத்தில் இருக்கிறது. “மனசுல ஆறு, விரல்ல மூணு. ஆறுக்கு அப்புறம்?” பிள்ளை மார்பில் கைவைத்து ஆறை உள்ளே வைக்கும். பிறகு மூன்று விரலை நீட்டி, “ஏழு, எட்டு, ஒம்போது” என்று மடக்கும். முதலில் ஆறு விரல், பிறகு மூன்று விரல், கடைசியில் மொத்தத்தையும் ஒன்றிலிருந்து எண்ணிய பிள்ளை, இப்போது பாதிக் கணக்கை மனதுக்குள் கொண்டுபோய்விட்டது. ஆராய்ச்சியாளர்கள் இதைத் தனிப் படிநிலையாகவே குறிக்கிறார்கள். விரலிலிருந்து மனதுக்குப் போகும் பாலம் இதுதான். பாலத்தில் நடந்துகொண்டிருக்கும் பிள்ளையைக் கையைத் தட்டிக் கீழே இறக்குவது பெரிய தவறு.

பாலம் கடந்தபின் விரல் தானே மடங்கிவிடும். மழலையர் வகுப்பில் விரல் விட்டவர்கள் நன்றாகக் கணக்குப் போட்டார்கள், இரண்டாம் வகுப்பில் அந்த ஆதாயம் மறைந்துவிட்டது என்று அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர் நான்சி ஜோர்டன் 2008-ல் காட்டினார். லோசான் குழு சுமார் 200 பிள்ளைகளை நான்கரை வயதிலிருந்து ஏழரை வயது வரை தொடர்ந்து கவனித்தது. ஏழு வயதில் முன்னணியில் இருந்தவர்கள், முன்பு விரல் விட்டுப் பின்னர் விட்டொழித்த பிள்ளைகள்தான்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், எட்டு வயதுக்குள் அடிப்படைக் கணக்கு எல்லாப் பிள்ளைக்கும் வந்துவிட வேண்டும் என்று இலக்கு வைத்தது. விரல் விட்டு எண்ணுவதற்கும் அந்த எட்டு வயது நல்ல எல்லைக்கோடு.

ஆகவே பெற்றோர்களே, ஐந்து வயதுப் பிள்ளை விரலை நீட்டும்போது கையைத் தட்டிவிடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் நீட்டுங்கள். எட்டு வயதிலும் ஐந்தும் இரண்டும் கூட்ட ஒன்றிலிருந்து விரல் எண்ணினால், திட்டாமல், ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.