அணைத்த பிறகு சூடேறும் எஞ்சின்

சித்திரை வெயிலில் மலையேறி வந்த அம்பாசிடர் டீக்கடை ஓரம் பத்து நிமிடம் நிற்கும். மறுபடி கிளப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. டேங்க்கில் பெட்ரோல் உண்டு, பிளக்கில் பொறியும் உண்டு. பழைய ஓட்டுநர்கள் பதற மாட்டார்கள். பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுவார்கள்; சற்று நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். அந்தத் துணி அப்படி என்னதான் செய்கிறது?

மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தயாரான அந்தக் காரில் வெகுகாலம் இருந்தது, பிரிட்டனில் உருவான 1489 சிசி எஞ்சின். நான்கு சிலிண்டர்கள், விட்டம் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 88.9. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும். பெட்ரோல் தரும் ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாகவே போய்விடும். ஓடும்வரை தண்ணீரும் விசிறியும் அதை வெளியே தள்ளுகின்றன. அணைத்ததும் இரண்டும் நின்றுவிடும். இரும்பு பிளாக்கில் தேங்கிய சூடு, அதையொட்டியிருக்கும் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் பரவும். ஓடியபோது இருந்ததைவிட, நின்ற பிறகே அவை அதிகம் சூடாகின்றன!

பெட்ரோல் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. சில 35 டிகிரி செல்சியஸ் அருகிலேயே கொதிக்கும்; சில 200 டிகிரியை நெருங்கினால்தான். பின்னால் இருக்கும் டேங்க்கிலிருந்து பம்ப் உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது, கொதிநிலையும் கூடவே இறங்குகிறது. எளிதில் ஆவியாகும் பகுதி குமிழ்விடும். திரவத்தை அழுத்தினால் நகர்ந்தே ஆகவேண்டும். ஆவியோ சுருங்கும், விரியும். பம்பின் சவ்வு அசைந்துகொண்டே இருக்க, பெட்ரோல் மட்டும் முன்னேறாது. இதுதான் வேப்பர் லாக். துணியிலுள்ள ஒவ்வொரு கிராம் நீரும் ஆவியாகும்போது ஏறக்குறைய 2400 ஜூல் வெப்பத்தைப் பறித்துச் செல்கிறது. ஓர் ஆவியாதல் தந்த தொல்லையை இன்னோர் ஆவியாதல் தீர்க்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பெட்ரோலின் இந்தக் குணத்தைக் குறையென்று சொல்ல மனம் வரவில்லை. எளிதில் ஆவியாகாவிட்டால் மார்கழிக் காலையில் எஞ்சின் உயிர்பெறாது. ஆகவே பொறியாளர்கள் மாற்றியது பம்பின் இடத்தைத்தான். இன்றைய பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அது டேங்க்குக்குள்ளேயே மூழ்கி நின்று, உறிஞ்சுவதற்குப் பதில் முன்னோக்கித் தள்ளுகிறது. குழாயில் அழுத்தம் உயர்வதால் கொதிநிலையும் உயர்கிறது. பானெட்டுக்கு அடியில் எவ்வளவு சூடானாலும் பெட்ரோல் எளிதில் குமிழ்விடுவதில்லை.