இன்பத்தின் எடைக்கல் எவர் கையில்?

சித்திரைத் திங்கள். வீரபாண்டித் திருவிழா. முல்லையாற்றங்கரையில் மக்கள் வெள்ளம்! ராட்டினத்தடியில் இருவர் நிற்கின்றனர். ஒருவர் திராட்சைத் தோட்டத்து முதலாளி. மற்றவர் அதே தோட்டத்தில் வியர்வை சிந்தும் கூலித் தோழர். இருவரும் தத்தம் பிள்ளையை ராட்டினத்தில் ஏற்றுகின்றனர். கட்டணம் ஒன்றே. ஆனால், கொடுத்த காசின் கனமும் ஒன்றா?

இல்லை என்றார் 1738-இல் பெர்னூலி என்ற கணித மேதை. கையிலுள்ள செல்வம் பெருகப் பெருக, மேலும் வரும் ஒரு காசு தரும் பயன் குறைந்துகொண்டே போகும் என்றார். முதலாளிக்குச் சில்லறை, தோழருக்கோ அது அடுப்பெரியும் காசு!

1881-இல் எட்ஜ்வொர்த் என்ற ஆங்கிலோ-ஐரிஷ் பொருளியலார், வெப்பமானி போல இன்பமானி ஒன்றைக் கற்பனை செய்தார். நல்ல கற்பனைதான். ஆனால், இன்பம் நுகரும் ஆற்றலே ஆளுக்கு ஆள் வேறு என்றார். பிறப்புக்கும் ஆண்பாலுக்கும் தனிச்சலுகை தேடும் எண்ணத்துக்கு அதிலே நியாயம் கண்டார். கேட்ட குரலாக இல்லையா, தோழர்களே? பிறப்பைச் சொல்லிப் பந்தியைப் பிரித்த குரலல்லவா இது!

செல்வரின் வருவாயில் ஒரு பகுதி ஏழைக்குச் சென்றால் நாட்டின் மொத்த மனநிறைவு கூடும் என்றார் 1920-இல் பிகு. ஒருவர் நிறைவை மற்றவர் நிறைவோடு ஒப்பிட அறிவியலில் வழியில்லை என்று 1932-இல் மறுத்தார் ராபின்ஸ். ஐயம் நேர்மையானதே. ஆனால் விளைவு? உள்ளத்தை விட்டு விலையைப் பார்த்தனர். எவ்வளவு கொடுப்பாய் என்பதே கேள்வியாயிற்று. கொடுக்க வழியற்றவனின் ஆசை கணக்கில் ஏறவில்லை!

உளவியலார் வேறு வழி கண்டனர்: மனிதனையே கேள்! 1965-இல் கேன்ட்ரில் வெளியிட்ட ஆய்வில், 0 முதல் 10 வரை படிகள் கொண்ட ஏணி ஒன்றைக் காட்டி, உன் வாழ்வு எந்தப் படியில் என்று கேட்டார். இந்திய மக்களையும் கேட்டார். 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கையும் அந்த ஏணியைத்தான் நம்புகிறது.

அதிலும் ஓட்டை உண்டு என்று காட்டினார் அமர்த்தியா சென். தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தப்பட்டவன், ஆசையையே சுருக்கிக்கொள்கிறான். "எனக்கென்ன குறை?" என்கிறான். அந்தப் புன்னகை நிறைவன்று, பழக்கம்! ஆகவே, அவன் முகத்தை மட்டும் பாராதே. படிக்க, பிணி நீங்க, நிமிர்ந்து நடக்க அவனால் முடிகிறதா என்று பார் என்றார்.

ஆம், தோழர்களே! ஏணியில் எந்தப் படி என்று எவரேனும் நம்மைக் கேட்டால், விடை சொல்வோம். சொல்லிவிட்டு நாமும் ஒன்று கேட்போம்: அந்த ஏணி இதுவரை எவர் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது?