நெடுந்தீவு வரை போகும் பாடம்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குப் படகில் இருபது நிமிடம் போதும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் படகே இல்லை. இணையத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது என்றுதான் 2020 மார்ச்சில் எல்லோரும் நம்பினோம். கொரோனா வந்தது, பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன, விடுதிகளில் இருந்த பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பாடங்களும் திருநெல்வேலி விரிவுரை மண்டபங்களை விட்டுக் கைபேசித் திரைக்கு மாறின.

அதுவரை விருப்பமுள்ள சிலர் மட்டும் தொட்டுப் பார்த்த கருவிகளை ஒரே மாதத்தில் அத்தனை விரிவுரையாளர்களும் கையில் எடுக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது, எதைச் சொல்லிக் கொடுப்பது என்ற கேள்வி அன்று பெரிதாக எழுந்தது. தொற்று ஓய்ந்தது. கேள்வி ஓயவில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இதற்கென ஓர் ஏற்பாடு முன்பே உண்டு. ஆளணி மேம்பாட்டு நிலையம் என்பது அதன் பெயர். புதிதாகச் சேரும் தகுதிகாண் விரிவுரையாளர்கள் பணி நிரந்தரமாவதற்கு முன் உயர்கல்விக் கற்பித்தல் பற்றிய சான்றிதழ்ப் பயிற்சியை முடிக்க வேண்டும். பாடத் திட்டம் எழுதுவது, பரீட்சை வைப்பது ஆகியவற்றோடு மூடில் என்ற கற்றல் முகாமைத்துவத் தளத்தைக் கையாளுவதும் அதில் வரும். அவுஸ்திரேலியரான மார்ட்டின் டூகியமாஸ் 2002-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. இன்று நம் பல்கலைக்கழகங்களின் பொதுக் கருவியாகிவிட்டது. 2017-இல் உலக வங்கி 10 கோடி டொலர் கடனுடன் தொடங்கிய உயர்கல்வி விரிவாக்கத் திட்டமும் கற்பித்தலை மேம்படுத்தப் பணம் ஒதுக்கியது. ஆக, பயிற்சியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பயிற்சி எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் கோளாறு இருக்கிறது.

பெரும்பாலும் அது பொத்தானிலிருந்து தொடங்குகிறது. இங்கே அழுத்தினால் கோப்பு ஏறும், அங்கே அழுத்தினால் வினாடி வினா திறக்கும். இரண்டு நாள் பட்டறை முடிந்து சான்றிதழும் கைக்கு வந்துவிடும். ஆனால் விரிவுரையாளர் எடுக்கும் சின்னஞ்சிறு முடிவு ஒன்று மறுகரையில் இருக்கும் மாணவரின் பையில் எப்படிக் கை வைக்கிறது என்பதை அந்தப் பட்டறை சொல்வதில்லை.

2020-இல் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லங்கா கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு, லேர்ன் என்று நாம் சொல்வது, தன் வழியாக சூம் வகுப்புகளை நடத்த வசதி செய்தது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் முயற்சியால் தொலைபேசி நிறுவனங்களும் பல்கலைக்கழகத் தளங்களுக்குப் போகும் டேட்டாவுக்குக் கட்டணம் எடுக்காமல் விட்டன. அருமையான ஏற்பாடு. ஆனால் சலுகை அந்த வழிக்கு மட்டும்தான் இருந்தது. அதே விரிவுரையை ஒருவர் மூடிலில் போட்டால் மாணவருக்கு அன்று செலவிருக்கவில்லை. யூடியூப்பில் போட்டு இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மாணவரின் காசு கரைந்தது. அனுப்பியவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஊர்காவற்றுறையில் கடற்றொழிலை நம்பியிருக்கும் ஒரு வீட்டுக்கு இரண்டும் ஒன்றல்ல.

அளவுக் கணக்கும் அப்படித்தான். படத்துடன் கூடிய ஒரு மணி நேர சூம் வகுப்பு பல நூறு எம்.பி. டேட்டாவைக் குடிக்கும். அதே பாடத்தைக் குரலாக மட்டும், நொடிக்கு 32 கிலோபிட் அளவில், பன்னிரண்டு நிமிடத் துண்டுகளாகப் பதிந்தால் ஒரு துண்டு மூன்று எம்.பி.க்குள் அடங்கும். ஐந்து துண்டும் சேர்ந்தாலும் 15 எம்.பி.யைத் தாண்டாது. சிக்னல் கிடைக்கும் நேரத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, மின்சாரம் இல்லாதபோதும் கேட்கலாம். பேச்சுத் தெளிவுக்கு இந்த அளவு தாராளம்.

மின்சாரத்தைச் சும்மா சொல்லவில்லை. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் தேசிய மின்வலையோடு இணையாமல் நெடுங்காலம் டீசல் பிறப்பாக்கிகளை நம்பி இருந்தவை. அங்கே சூரிய ஒளியும் காற்றும் மின்கலமும் சேர்ந்த மின் திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2022-இன் பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதுமே ஒரு நாளில் 13 மணி நேரம் வரை இருட்டில் கிடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். குறித்த நேரத்தில் எல்லோரும் திரைக்கு முன் வரவேண்டும் என்ற நேரலை வகுப்பு, இப்படிப்பட்ட இடத்தில் யாரை முதலில் வெளியே தள்ளும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊவாவின் போகிட்டியாவ கிராமத்தில் பள்ளிப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலைப்பாறைக்கு ஏறிய செய்தி 2021-இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. ஏறுவதற்கு மலையும் இல்லாத தட்டைத் தரை நெடுந்தீவு.

அடுத்தது, நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கல். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுப் பயிற்சிக் கையேடு எதிலும் இது இராது. கலைப்பீடத்தில் தமிழில் பாடம் நடத்தும் மூத்த விரிவுரையாளர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இருபது வருடமாகச் செதுக்கிய குறிப்புகள் அவரிடம் இருக்கின்றன. எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்த எழுத்துரு. அது நிறுவப்பட்ட கணினியில் தமிழ் தெரியும். அது இல்லாத கைபேசியில் அதே கோப்பு அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகச் சிதறிக் கிடக்கும். விரிவுரையாளர் தம் கணினியில் பார்க்கிறார், அழகாக இருக்கிறது, மூடிலில் ஏற்றிவிடுகிறார். நயினாதீவில் திறக்கும் பிள்ளைக்கு ஒரு சொல்லும் புரியாது.

தீர்வு, ஒருங்குறிக்கு மாற்றுவது. மாற்றும் செயலிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. அவற்றிலும் ஒரு பொறி இருக்கிறது: குறிப்புகளுக்கு நடுவே ஆங்கிலக் கலைச்சொல் இருந்தால் அதுவும் தமிழ் எழுத்தாக மாறி உளறலாகிவிடும். ஆகவே ஒருவர் பக்கத்தில் இருந்து பக்கம் பக்கமாகப் பார்த்துத் திருத்த வேண்டும். பட்டறை போதாத இடம் இதுதான். ஒரு வாரம் அந்த விரிவுரையாளரோடு உட்காரும் ஓர் உதவியாளர் போதும், இருபது வருட உழைப்பு காப்பாற்றப்படும். மாற்றிய பின் அந்தப் பாடத்தைத் தேடலாம். பார்வையற்ற மாணவருக்குக் கைபேசி வாசித்தும் காட்டும்.

தமிழ் தன் எழுத்தை இழந்து உரோமன் எழுத்தில் நின்றது இது முதல் தடவையல்ல. 1554-இல் லிஸ்பனில் அச்சான முதல் தமிழ் நூல் உரோமன் எழுத்தில்தான் வந்தது. தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் வர 1578 ஆயிற்று. இந்தப் பழைய அச்சு நூல்களைத் தமிழ் ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் தனிநாயகம் அடிகள். 1913-இல் தீவகத்தின் கரம்பொன்னில் பிறந்தவர். 1952-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராகச் சேர்ந்தவர். கற்பிப்பதைப் பற்றியே பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஒருவரைத் தந்தது இந்தத் தீவகம் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

கருவி வேறு, பாடம் வேறு, கற்பிக்கும் கலை வேறு என்று பிரித்துப் பயிற்சி கொடுத்தால் பயனில்லை என்பதை மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தின் புன்யா மிஸ்ராவும் மத்தேயு கோலரும் 2006-இல் விளக்கமாக எழுதினார்கள். மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் நல்ல ஆசிரியர் நிற்கிறார் என்பது அவர்கள் வாதம். எளிய உதாரணம்: புவியியல் விரிவுரையாளருக்குச் செய்மதிப் படம் பயன்படும், மெய்யியல் விரிவுரையாளருக்கு ஒரு கேள்வியை இரண்டு நாள் திறந்து வைத்து எழுத்தில் வாதிட விடும் மன்றம் பயன்படும். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே பொத்தானைக் காட்டுவதில் என்ன இருக்கிறது? வரலாறு கற்பிப்பவருக்கு, 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் தளத்தை ஒரு தடவை முறையாகக் காட்டினாலே பாதி வேலை முடிந்தது. நான் துறைவாரிப் பயிற்சியின் பக்கம்தான்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இது இன்னும் அவசரமாகிவிட்டது. வீட்டிலிருந்து எழுதிவரச் சொல்லும் ஒப்படைகளை எப்படி மாற்றியமைப்பது என்று விரிவுரையாளர்கள் தவிக்கிறார்கள். தடை போடுவதால் ஆகப்போவதில்லை. தீவின் கிணற்று நீர் உவர்ப்பைப் பற்றி நேரில் அளந்து எழுதச் சொன்னால், அதை எந்த இயந்திரமும் போய் அளந்து தராது.

மூத்தவர்களின் கூச்சத்தையும் நாம் மதிக்க வேண்டும். தம் மாணவர் வயதில் இருக்கும் ஒருவரிடம், எல்லோரும் பார்க்க, 'தம்பி, இது எப்படி?' என்று கேட்பது பேராசிரியர் ஒருவருக்கு எளிதல்ல. துறைக்கு ஒருவர், கதவைச் சாத்திக்கொண்டு பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க இருந்தால் அவர் கேட்பார்.

ஆளணி மேம்பாட்டு நிலையத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பட்டறையின் ஒரு நாளையாவது நெடுந்தீவில் நடத்துங்கள். விரிவுரையாளர்கள் மடிகணினிகளை யாழ்ப்பாணத்திலேயே விட்டுவிட்டு, காலைப் படகில் கைபேசியோடு மட்டும் போகட்டும். அங்கே நின்று, சாதாரண டேட்டா அட்டையில், தாங்கள் மூடிலில் போட்ட சொந்தப் பாடத்தைத் தாங்களே ஒரு தடவை திறந்து பார்க்கட்டும்.