சீகிரியாப் பாடல்களும் பதிப்புரிமையும்: எண்ணிம வாசிப்புத் தொகுதிகள் பற்றிய ஒரு நோக்கு

பல்கலைக்கழக நூலகங்கள் பாட வாசிப்புகளை எண்ணிம வடிவில் மாணவர்க்கு வழங்கத் தொடங்கியபின், பதிப்புரிமை பற்றிய வினா நூலகரின் மேசைக்கு அன்றாடம் வருகின்றது. எந்தப் பக்கத்தை அனுமதியின்றி வருடி ஏற்றலாம்? எதற்கு அனுமதி வேண்டும்? அதனை யாரிடம் கேட்பது? இவ்வினாக்களுக்குப் பொதுப்பட விடை கூறுவதினும், குறித்த ஒரு நூலை முன்வைத்து ஆராய்தல் பயன்தரும் என்பது எமது கருத்து. சீகிரியாக் கண்ணாடிச் சுவர்ப் பாடல்களின் பதிப்பு அதற்கு மிகவும் ஏற்றதாகும்.

மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாக் குன்றினைக் காசியப்ப மன்னன் (477–495) தன் அரசிருக்கையாக்கினான். அவன் காலத்துக்குப் பின்னர், குன்றின் ஓவியங்களைக் காண வந்தோர் மேற்குப் புறத்துச் சுவரின் மெருகிட்ட பரப்பிலே தம் பாடல்களைக் கீறிச் சென்றனர். துறவியரும் அலுவலரும் படைவீரரும் பெண்களும் அவருள் அடங்குவர். 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரையான 685 சிங்களப் பாடல்களை வாசித்தறிந்து, பேராசிரியர் செனரத் பரணவிதான பதிப்பித்த 'சிகிரி கிராபிட்டி' 1956இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. இலங்கை அரசுக்காக ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் அதனை வெளியிட்டது. அரசவைக்குப் புறத்தேயும் செய்யுள் இயற்றப்பட்டமைக்கு இப்பாடல்கள் சான்று பகர்வன. ஆதலின் ஒப்பியல் இலக்கியம் பயிலும் தமிழ் மாணவர்க்கும் இவை வேண்டப்படுவன. பழஞ்சிங்களம் அறியாத அவர்க்குப் பரணவிதானவின் ஆங்கில மொழிபெயர்ப்பே வாயிலாக அமைகின்றது.

1. ஒரு நூலின் படைகள்

இந்நூலுக்கு அனுமதி வேண்டுமா எனக் கேட்பது தெளிவற்ற வினாவாகும். ஏனெனில் இது ஒரு தனிப்பொருளன்று. வெவ்வேறு காலத்து உழைப்புப் படைபடையாகப் படிந்த ஒன்று. முதற்படை பாடல்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவை எவருக்கும் தனியுடைமையல்ல. இரண்டாவது, சிதைந்த எழுத்துகளை வாசித்து நிறுவிய பாடம். மூன்றாவது, மொழிபெயர்ப்பு, முன்னுரை, இலக்கண ஆய்வு முதலியன. நான்காவது, ஒளிப்படத் தகடுகள்.

மூன்றாம் படை பாதுகாப்புக்கு உட்பட்டது என்பதில் ஐயமில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மொழிபெயர்ப்பையும் தனி ஆக்கமாகவே கொள்கின்றது. இரண்டாம் படையே சிக்கலானது. சாக்கடற் சுருள்களுள் ஒன்றின் சிதைந்த பகுதிகளை நிரப்பிப் பாடத்தைப் புனரமைத்த எலிஷா கிம்ரோனுக்கு அப்பாடத்தில் பதிப்புரிமை உண்டென இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்த்தது. அத்தீர்ப்பு நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் பாட நிறுவலை வெறும் பிரதியெடுத்தலாகக் கருதும் நூலகர் அதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனிக் கால எல்லையை நோக்குவோம். பரணவிதான 1972இல் மறைந்தார். 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டக்கோவை, ஆசிரியர் மறைவின்பின் 50 ஆண்டுப் பாதுகாப்பை வழங்கிற்று. அது தொடர்ந்திருப்பின் 2022 முடிவில் அவர் எழுத்துகள் பொதுவுடைமையாகியிருக்கும். 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 70 ஆண்டாக நீட்டியமையால் 2042 முடிவுவரை காத்திருக்க நேர்கின்றது. இதற்கு மாறாக, 1890 முதல் 1912 வரை தொல்பொருள் ஆணையாளராக இருந்து சீகிரியா அகழ்வை நடத்திய எச். சி. பி. பெல் 1937இல் மறைந்தார். அவருடைய எழுத்துகள் ஏற்கெனவே கட்டு நீங்கியவை. அவற்றை முழுமையாக வருடி எவரும் காணுமாறு வைப்பதற்குத் தடையில்லை. ஒரே குன்றைப் பற்றிய இரு அறிஞரின் எழுத்துகளுள் ஒன்று திறந்தும் மற்றது மூடியும் கிடப்பதற்கு, அவற்றின் அறிவுப் பெறுமதி காரணமன்று. மறைந்த ஆண்டே காரணம்.

இங்கு இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. உலக வர்த்தக அமைப்பின் புலமைச் சொத்து உடன்படிக்கை கோரும் குறைந்தபட்ச எல்லை 50 ஆண்டுகளே. இந்தியா 60 ஆண்டுகளோடு நின்றது. அறிவை ஏற்றுமதி செய்யும் நாடுகளின் நலனுக்கேற்ற 70 ஆண்டு எல்லையை, அறிவை இறக்குமதி செய்யும் இலங்கை விரும்பி ஏற்றமை பொருளாதாரச் சார்புநிலையின் வெளிப்பாடெனலாம்.

2. சட்டம் ஏற்கெனவே தந்திருப்பவை

பாதுகாக்கப்பட்ட ஆக்கம் ஒவ்வொன்றிற்கும் அனுமதி வேண்டும் என்பது பரவலான பிழைக்கருத்து. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கற்பித்தல், புலமை, ஆய்வு முதலிய நோக்கங்களுக்கான நியாயமான பயன்பாட்டை மீறலாகக் கொள்வதில்லை. வகுப்பறைக்கெனப் பல பிரதிகள் எடுத்தலையும் அது வெளிப்படையாகவே குறிப்பிடுகின்றது. பயன்பாடு நியாயமானதா என்பதை நான்கு காரணிகள் கொண்டு துணிய வேண்டும்: பயன்பாட்டின் நோக்கம், ஆக்கத்தின் இயல்பு, எடுத்துக்கொண்ட பகுதியின் அளவும் முக்கியத்துவமும், ஆக்கத்தின் சந்தைக்கு நேரும் பாதிப்பு.

எடுத்துக்காட்டாக, 685 பாடல்களுள் 20 பாடல்களை மொழிபெயர்ப்போடு வருடி, பதிவு செய்த மாணவர் மட்டும் கடவுச்சொல்லுடன் ஒரு பருவத்துக்கு வாசிக்கும்படி வைத்தால், அது நூலில் மூன்று சதவீதத்துக்கும் குறைவான பாடல்களேயாகும். இலாப நோக்கும் இல்லை. இதனை நியாயமான பயன்பாடென வாதிடுவதற்கு வலுவான அடிப்படை உண்டு. இரு தொகுதிகளையும் முழுமையாக உலகறிய ஏற்றினால் அவ்வடிப்படை தகர்ந்துவிடும்.

12ஆம் பிரிவு மேலும் சில செயல்களைத் தனித்தனியே குறிப்பிடுகின்றது. ஆயின் கற்பித்தலுக்கான ஒளிப்பிரதி பற்றிய அதன் ஏற்பாடு நேர்முகக் கற்பித்தலையே கருதியது. எண்ணிமச் சேமிப்பும் மறுவாக்கமே எனச் சட்டம் வரையறுத்திருப்பதால், வலையமைப்பில் வழங்கும் வாசிப்புக்கு 11ஆம் பிரிவையே பெரிதும் சார்ந்திருக்க வேண்டியுள்ளது. சட்டத்தின் இக்குறைபாட்டை நூலகர் அறிந்திருத்தல் நன்று. அதே 12ஆம் பிரிவு, அழிந்த அல்லது பயனற்றுப்போன பிரதிக்கு ஈடாக இலாப நோக்கற்ற நூலகம் பிரதி செய்யவும் இடமளிக்கின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதனைக் கண்ட சமூகத்துக்குப் பாதுகாப்புப் பிரதியின் தேவையை விளக்க வேண்டியதில்லை.

3. நீதிமன்றங்களில் எழுந்த முரண்பாடு

வாசிப்புத் தொகுதி பற்றிய முரண்பாடு தில்லியில் வெளிப்படையாக எழுந்தது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள், தில்லிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ராமேஸ்வரி ஒளிப்பிரதி நிலையத்தின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் 2012இல் வழக்குத் தொடுத்தன. மாணவரும் கல்வியாளரும் அணிதிரண்டு வழக்கில் இணைந்தனர். 2016 செப்டெம்பர் 16ஆந் திகதி தில்லி உயர் நீதிமன்றம் பதிப்பகங்களின் வழக்கை நிராகரித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் இரு நீதிபதிகள் கொண்ட ஆயம், கற்பித்தலின் தேவைக்கு உட்பட்ட பிரதியெடுப்பு சட்டபூர்வமானதே என்றது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கை மீளப்பெற்றன.

எண்ணிம வாசிப்பு பற்றிய வழக்கோ ஐக்கிய அமெரிக்காவில் நடந்தது. ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 2008இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், சேஜ் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கு 2020 வரை நீடித்தது. நீதிமன்றம் ஒவ்வோர் எடுகோளையும் தனித்தனியே ஆராய்ந்து, பெரும்பாலானவை நியாயமான பயன்பாடே எனக் கண்டது. இரு வழக்குகளிலும் வழக்காளியாக நின்ற ஒக்ஸ்போர்ட் அச்சகமே சீகிரியாப் பாடல்களின் பதிப்பையும் வெளியிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வழக்குகளில் ஆசிரியரின் உரிமை பற்றிப் பேசப்பட்டது; காக்கப்பட முயன்றது பதிப்பு மூலதனத்தின் உரிமை. புலமைக் கட்டுரையை எழுதுபவர் பெரும்பாலும் பொதுப்பணத்தில் ஊதியம் பெறுபவர். அவர் தம் உரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுக்கின்றார். பின்னர் அவருடைய பல்கலைக்கழகமே அதனை விலைகொடுத்து வாங்குகின்றது. அறிவின் பயன்பெறுமதி சமூகத்தால் ஆக்கப்பட, பரிவர்த்தனைப் பெறுமதி தனியாரைச் சேரும் உறவு இது.

4. தமிழ் நூல்களின் வேறுபட்ட நிலை

இதனைக் கொண்டு, பதிப்புரிமை முழுவதையும் முதலாளித்துவச் சூழ்ச்சியெனத் தள்ளுதல் எளிமைப்படுத்தலாகும். ஈழத்துத் தமிழ் எழுத்தாளர் பலர் தம் கைப்பணத்தில் சில நூறு பிரதிகள் அச்சிட்டு, அவற்றை விற்றே அடுத்த நூலுக்கு வழி தேடுபவர். அத்தகையவரின் நூலை முழுமையாக வருடி ஏற்றும் நூலகம் மூலதனத்தை எதிர்க்கவில்லை. உழைப்பாளி ஒருவரின் பயனைப் பறிக்கின்றது.

பேராசிரியர் க. கைலாசபதியின் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில ஆய்வை 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்டது. அவருடைய தமிழ் நூல்களை வேறு பதிப்பாளர் வெளியிட்டனர். 1982இல் மறைந்த அவருடைய எழுத்துகள் யாவும் 2052 முடிவுவரை பாதுகாப்புக்கு உட்பட்டவை. ஆயினும் அனுமதி கேட்க வேண்டிய இடம் நூலுக்கு நூல் வேறுபடும். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம், எழுத்தாளரிடமும் பதிப்பாளரிடமும் அனுமதி பெற்று ஈழத்து நூல்களைத் திறந்து வைத்துள்ளது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது சான்று. தமிழ்நாட்டில் பாரதியின் எழுத்துகளை 1949இல் அரசு கையேற்றமையும், பின்னர் பல எழுத்தாளரின் நூல்கள் மரபுரிமையாளர்க்குத் தொகை வழங்கி நாட்டுடைமையாக்கப்பட்டமையும் மற்றொரு வழியைக் காட்டுகின்றன.

5. நூலகம் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு நடைமுறை பெறப்படுகின்றது. முதலில், வாசிப்புப் பட்டியலிலுள்ள ஒவ்வொரு நூலின் படைகளையும் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர் ஆகியோர் மறைந்த ஆண்டுகளையும் பதிவேட்டில் எழுதுக. கட்டு நீங்கியவற்றைத் தயக்கமின்றி முழுமையாகத் திறக்கலாம். இரண்டாவதாக, எஞ்சியவற்றுள் நியாயமான பயன்பாட்டுக்குள் அடங்குவனவற்றை நான்கு காரணிகளுக்கும் எதிரே காரணம் எழுதிப் பிரித்தெடுக்க வேண்டும். மூன்றாவதாக, இவற்றுக்கு அப்பாற்பட்டவற்றுக்கு மட்டும் அனுமதி கோருக. கடிதத்திலே பாடநெறி, பக்கங்கள், மாணவர் தொகை, கால எல்லை, யார் காண்பர் என்பவை தெளிவாக இருத்தல் வேண்டும். உரிமப் பத்திரம் எழுத்தில், இரு தரப்பினரின் கையொப்பத்துடன் அமைதல் சட்டத்தின் நிபந்தனை. வாய்மொழி இசைவு போதாது.

சீகிரியாப் பதிப்பில் எழுதியவர் அரச திணைக்களத்தின் ஆணையாளர், வெளியிடுவித்தது அரசு, அச்சிட்டது அயல்நாட்டு அச்சகம். ஆகவே கடிதம் திணைக்களத்துக்கும் அச்சகத்துக்கும் செல்லல் வேண்டும். மறுமொழி வராமை இசைவாகாது. அந்நிலையில் நியாயமான பகுதியோடு நின்று, அச்சுப் பிரதியை இரவல் வழங்காப் பிரிவில் வைப்பதே தக்கது. இன்னொரு வழியும் உண்டு. சுவரிலுள்ள மூலப்பாடல்களிலிருந்து சிங்கள, தமிழ்த் துறையினர் கூடித் தாமே பாடம் நிறுவி மொழிபெயர்த்தால், அதனைத் தொடக்கத்திலேயே யாவர்க்கும் திறந்து வைக்கலாம்.

எவ்வழியாயினும் ஆசிரியர் பெயரை விடுத்தல் ஆகாது. பெயர் குறிக்கப்படுவதும் ஆக்கம் சிதைக்கப்படாமையும் சட்டம் ஏற்கும் தார்மிக உரிமைகள். கண்ணாடிச் சுவரில் எழுதியோர் பலர் பெயரையும் ஊரையும் பொறித்தனர். எவரும் வாசிக்கக்கூடிய இடத்திலேயே பொறித்தனர்.

அனைத்துக்கும் அனுமதி கேட்கும் நூலகம், சட்டம் மக்களுக்குத் தந்ததையே கைவிடுகின்றது. எதற்கும் கேளாத நூலகம் எழுத்தாளரின் உழைப்பை மதியாது விடுகின்றது. இவ்விரண்டையும் தவிர்ப்பது நூலகரின் கையிலுள்ளது. கால எல்லையை 50 ஆண்டுக்கு மீட்பதும், எண்ணிமக் கற்பித்தலுக்கு வெளிப்படையான ஏற்பாடு சேர்ப்பதும் சட்டமன்றத்தின் பணி. அக்கோரிக்கைகளைப் பல்கலைக்கழகங்கள் மொழி வேறுபாடின்றி ஒன்றிணைந்து எழுப்புதல் வேண்டும்.