மாங்கன்று வேர்பிடிக்கும் வரை

ஆடிப் பட்டத்தில் மாங்கன்று நடும் அங்கத்தினர்கள் வரவு செலவுக் கணக்கை முன்கூட்டியே மனத்திற் கொள்ளுதல் நலம். கன்றின் விலையும் குழிவெட்டும் கூலியும் முதல் ஆண்டிலேயே செலவாகிவிடுகின்றன. வரவோ நான்காம் ஐந்தாம் ஆண்டில்தான் தலைகாட்டும். இடையில் தோட்டம் பொய்த்துப் போனாலும் சங்கக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே, நட்ட கன்றை நிலைக்கச் செய்வதைப் பற்றியே இங்கு அதிகம் கூற விரும்புகிறோம்.

குழியைக் கோடையிலேயே நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1 மீட்டர் இருக்குமாறு வெட்டி, வெயிலில் ஆறப்போட வேண்டும். மேல்மண்ணுடன் 10 கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பினால் போதும். மக்காத எரு கரையானை வரவழைக்கும். குழிக்குக் குழி 10 மீட்டர் விட்டால் ஏக்கருக்குச் சுமார் 40 கன்றுகள் கொள்ளும். இக்காலத்தில் நெருக்கி நடுவோரும் உளர். ஆண்டுதோறும் கவாத்துச் செய்ய மனமில்லாதவர்க்கு அது ஏற்றதன்று.

ஒட்டுக்கன்று என்பது இரண்டு செடிகளின் சேர்க்கை. அடிப்பாகம் கொட்டையிலிருந்து முளைத்தது. மேற்பாகம் பெங்களூரா, நீலம், செந்தூரா போன்ற நல்ல இரகத்தின் காய்க்கும் மரத்திலிருந்து எடுத்த குச்சி. இரண்டும் இணைந்த முடிச்சைத் தண்டில் விரலால் தடவியே அறியலாம். நடும்போது இம்முடிச்சு தரைக்கு மேல் அரையடி உயரத்தில் நிற்க வேண்டும். முடிச்சைச் சுற்றிய பாலிதீன் நாடா அவிழ்க்கப்படாமல் இருந்தால் அவிழ்த்துவிடுக. தண்டு பருக்கும்போது அது கழுத்தை நெரிக்கும். பையைக் கிழித்து எடுக்கையில் வேரைச் சுற்றியுள்ள மண்கட்டி உடையலாகாது. மாலை வேளையில் நட்டு, மண்ணை மிதித்து இறுக்கி, முளைக்குச்சியில் தளர்வாகக் கட்டி, உடனே நீர் வார்க்க வேண்டும்.

இனித்தான் பெரிய ஆபத்து. முதற் கோடையில் நீரின்றி மேற்குச்சி காய்ந்துபோகும். ஆனால் வேர் உயிரோடிருந்து முடிச்சுக்குக் கீழே புதிதாகத் துளிர் விடும். “கன்று தப்பித்தது” என்று உடையவர் மகிழ்ந்து அத்துளிரையே பேணி வளர்ப்பார். உண்மையில் அவர் வளர்ப்பது வெறும் கொட்டை மா. காய்க்கும் காலத்தில்தான் விஷயம் வெளிப்படும். கூழ் ஆலைக்குப் பெங்களூரா அனுப்பலாம் என்று எண்ணியிருந்தவர் என்ன செய்வார்? மேற்குச்சி நலமாக இருக்கும் கன்றிலுங்கூட அடித்துளிர் தோன்றுவதுண்டு. அது மேற்பாகத்துக்குரிய சத்தைப் பறித்துக்கொள்ளும். ஆகவே, மாதம் ஒருமுறை ஒவ்வொரு கன்றையும் குனிந்து பார்த்து, முடிச்சுக்குக் கீழ் எழும் துளிரைக் கிள்ளிவிட வேண்டும். பத்து நிமிட வேலைக்குச் சோம்புவது ஐந்து வருட உழைப்புக்கு உலை வைப்பதாகும்.

ஒட்டுக்கன்று முதல் ஆண்டிலேயே பூப்பதும் உண்டு. குச்சி காய்த்த மரத்தினுடையதாகையால் இதில் வியப்பில்லை. குழந்தைகள் அழுதாலும் பூங்கொத்தை ஒடித்துவிடுக! முதல் மூன்று ஆண்டுகள் வேரும் கிளையும் வளர்வதற்கானவை.

வேர்பிடிக்கும் வரை மண் காயாமல் நீர் விட வேண்டும். பிறகு இடைவெளியை மெல்ல நீட்டலாம். கோடையில் மட்டும் தவறலாகாது. தண்டை ஒட்டியே நீர் ஊற்றினால் வேர் அங்கேயே முடங்கும். கன்று வளர வளர வட்டப்பாத்தியையும் அகலமாக்கி, சருகு பரப்புக. நீர் அரிதான மேட்டு நிலத்தில், அடியில் துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைக் கன்றின் பக்கத்தில் புதைத்து நிரப்பி வைத்தல் நல்ல ஏற்பாடு. தென்மேற்கு வெயிலுக்குப் பனையோலை மறைப்பும், ஆட்டுக்கு முள்வேலியும் அவசியம். இடையில் நிலக்கடலை, உளுந்து பயிரிடலாம். ஆனால் ஏர் பாத்திக்குள் புகாதிருக்கட்டும்.

எத்தனை கன்று நடப்பட்டது என்று பதிவேட்டில் எழுதுவது எளிது. இரண்டாம் சித்திரை கழிந்தபின் முடிச்சுக்கு மேல் பச்சையாக நிற்பவை எத்தனை என்று நிர்வாகக் குழுவினர் நேரில் சென்று எண்ணுவதையே நாம் வேண்டுகிறோம். காலியான குழிகளுக்கு வேண்டிய கன்றுகளை அங்கத்தினர் பலர் சேர்ந்து அரசு தோட்டக்கலைப் பண்ணையில் முன்கூட்டியே பதிந்து வைத்தால், அடுத்த ஆடியிலேயே நட்டுவிடலாம்.