பழைய கார் எஞ்சின்கள் – 14: கிராங்க்கேஸ் விடும் மூச்சு

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் உருவாகும் வாயு முழுவதும் சைலன்சர் வழியாகப் போய்விடுவதில்லை. பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தாலும், ஒரு சிறு பகுதி அவற்றைத் தாண்டிக் கீழே கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். இதற்கு ‘புளோ-பை’ என்று பெயர். இதில் எரிந்த புகையைவிட எரியாத பெட்ரோல்–காற்றுக் கலவையே அதிகம். கூடவே நீராவியும் அமிலத்தன்மையுள்ள பொருள்களும் இருக்கும். இவை வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீல்கள் கசியத் தொடங்கும். நீராவி குளிர்ந்து ஆயிலோடு கலந்து கசடாகப் படியும். அமிலம் பேரிங்குகளை அரிக்கும்.

1960களின் தொடக்கம்வரை பெரும்பாலான கார்களில் இதற்கென இருந்தது ஒரு குழாய்தான். கிராங்க்கேஸிலிருந்து கிளம்பி, காரின் அடிப்பகுதிவரை இறங்கும் அதன் முனை சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். கார் ஓடும்போது அடியில் விரையும் காற்று அந்த முனையில் மெல்லிய உறிஞ்சலை உண்டாக்கும். உள்ளிருக்கும் வாயு வெளியே இழுக்கப்பட, துளைகள் உள்ள ஆயில் மூடி வழியே புதுக் காற்று நுழையும். ஆனால் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தையாவது எட்டாமல் இந்த உறிஞ்சல் சரியாக வேலை செய்யாது. நகர நெரிசலில் ஊர்ந்த கார்களிலும், எஞ்சின் சூடேறும் முன்பே நிறுத்தப்பட்ட கார்களிலும் கசடு சேர்ந்தது. வெளியேறிய வாயு முழுவதும் தெருக் காற்றில் கலந்தது.

அதன் விளைவு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வெளிப்பட்டது. 1943 முதல் அந்நகரைக் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் சூழ்ந்தது. எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குவதே காரணம் என்று, கால்டெக் கல்விக்கூடத்தின் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித் 1950களின் தொடக்கத்தில் விளக்கினார். கட்டுப்பாட்டுக் கருவி எதுவும் இல்லாத ஒரு கார் வெளியிடும் ஹைட்ரோகார்பன்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிராங்க்கேஸிலிருந்து வருவதாகப் பின்னர் தெரியவந்தது.

தீர்வு ஏற்கெனவே கையில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில், ஆழமான நீரைக் கடக்கும் ராணுவ வாகனங்களின் கிராங்க்கேஸுக்குள் தண்ணீர் புகக்கூடாது என்பதற்காக, வாயுவை வெளியே விடாமல் இன்டேக் மானிஃபோல்டுக்கே திருப்பியிருந்தார்கள். பி.சி.வி. என்ற பெயரில் இந்த முறை 1961ஆம் ஆண்டு மாடல் முதல் கலிஃபோர்னியாவில் விற்கப்பட்ட புதிய கார்களுக்கு வந்தது. 1963 மாடலில் அமெரிக்கா முழுவதும் பரவியது.

இதன் நுட்பம் ஒரு முரணைத் தீர்ப்பதில் இருக்கிறது. ஐட்லிங்கில் மானிஃபோல்டின் வேக்குவம் மிக அதிகம். புளோ-பை மிகக் குறைவு. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது புளோ-பை மிக அதிகம். வேக்குவமோ மிகக் குறைவு. கிராங்க்கேஸையும் மானிஃபோல்டையும் வெறும் ரப்பர் ஹோஸால் இணைத்தால், ஐட்லிங்கில் அளவுக்கு மீறிக் காற்று நுழைந்து கலவை மெலிந்து எஞ்சின் நின்றுவிடும். ஆகவே இடையில் ஒரு வால்வு வைக்கப்பட்டது. அதற்குள் ஸ்பிரிங்கில் அமர்ந்த ஒரு சிறு தண்டு இருக்கிறது. ஐட்லிங்கில் வேக்குவம் அதை இழுத்து வழியை ஒடுக்கும். சீரான வேகத்தில் தண்டு நடுவில் நின்று கூடுதல் வாயுவை விடும். வேக்குவம் தளரும்போது ஸ்பிரிங் தண்டைப் பின்னுக்குத் தள்ளி வழியை விரிக்கும். பேக்ஃபயர் ஏற்பட்டால், தீ கிராங்க்கேஸுக்குள் போகாதபடி தண்டு மறுபக்கம் அழுந்தி அடைத்துவிடும்.

முதலில் வந்த திறந்த அமைப்பில் ஆயில் மூடி காற்றோட்டமாகவே இருந்ததால், முழு ஆக்ஸிலரேட்டரில் வால்வுக்கு மிஞ்சிய வாயு அதன் வழியே வெளியேறியது. பிறகு வந்த மூடிய அமைப்பில் மூடி இறுக அடைக்கப்பட்டது. புதுக் காற்று ஏர் கிளீனரிலிருந்து ஒரு ஹோஸ் வழியே வந்தது. மிஞ்சிய வாயு அதே ஹோஸில் திரும்பி கார்புரேட்டருக்குள் போய் எரிந்தது. 1968 மாடல் முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க மத்திய அரசின் விதி, கிராங்க்கேஸ் வாயு சிறிதும் வெளியேறக்கூடாது என்றது. பிரிட்டனின் எம்.ஜி.பி. காரில் 1964இல் ரப்பர் டயஃப்ரம் கொண்ட ஸ்மித்ஸ் வால்வு பொருத்தப்பட்டது. பின்னர் அது நீக்கப்பட்டு, எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு உறிஞ்சல் நிலவும் எஸ்.யு. கார்புரேட்டரின் உட்பகுதியோடு ஹோஸ் நேரடியாக இணைக்கப்பட்டது.

பழைய காரைப் பேணுவோர் இந்த வால்வை அழகுக்கு இடையூறு என்று கழற்றிவிடக் கூடாது. கார்புரேட்டரின் ஐட்லிங் அளவே இது விடும் காற்றையும் கணக்கில் கொண்டு வைக்கப்பட்டது. எஞ்சின் ஆயிலைத் தூய்மையாக வைத்திருப்பதும் இதுவே. தண்டு கொண்ட வால்வைக் குலுக்கினால் கலகலக்க வேண்டும். எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது வால்வைக் கழற்றி அதன் வாயை விரலால் மூடினால் உறிஞ்சல் தெரிய வேண்டும். அடைத்துக்கொண்ட வால்வு ஆயில் கசிவையும் கசடையும் தரும். திறந்தபடி சிக்கிய வால்வு ஐட்லிங்கைக் கெடுக்கும். மாற்றும்போது அந்த எஞ்சினுக்கென அளவிடப்பட்ட வால்வையே வாங்க வேண்டும். திருகு பொருந்தினாலும் காற்றின் அளவு வேறாக இருக்கக்கூடும். ஆயில் மூடியும் அமைப்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: திறந்த அமைப்புக்குக் காற்றோட்ட மூடி, மூடிய அமைப்புக்கு அடைப்பு மூடி.

(தொடரும்)