பொறி மிகைச்சூடு

பொறி மிகைச்சூடு என்பது தானுந்தின் பொறி தனது இயல்பான இயங்கு வெப்பநிலையைக் கடந்து சூடேறுவதைக் குறிக்கும். பெரும்பாலான தானுந்துகளில் குளிர்விப்பு நீர்மத்தின் இயல்பு வெப்பநிலை ஏறத்தாழ 90 முதல் 105 பாகை செல்சியசு வரை ஆகும். மிகைச்சூடு நீடித்தால் அலுமினியத்தாலான சிலிண்டர் தலை வளைந்து பொறி பழுதடையும்.

காரணத்தைக் கண்டறிதல்

நீர்மத்தின் அளவு சரியாக இருப்பின், சூடு எப்பொழுது ஏறுகிறது என்பதே முதன்மையான தடயம் ஆகும்.

* நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடும்போது தணிந்தால்: மின்விசிறி அல்லது அதன் ரிலே பழுது.
* நெடுஞ்சாலை வேகத்திலும் ஏற்றத்திலும் ஏறினால்: ரேடியேட்டர் அடைப்பு அல்லது நீரேற்றியின் தேய்வு.
* பொறியை இயக்கிய சில நிமிடங்களில் ஏறி, ரேடியேட்டரின் கீழ்க்குழாய் மட்டும் குளிர்ந்திருந்தால்: தெர்மோஸ்டாட் திறவாமை.
* வெளிக்கசிவின்றி நீர்மம் குறைந்து, புகைபோக்கியில் வெண்புகை தொடர்ந்தால்: ஹெட் கேஸ்கெட் சேதம்.

காரணத்தை அறியாமல் மீண்டும் மீண்டும் நீர் ஊற்றுவது பழுதை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

எச்சரிக்கை

ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தக்கவைத்து நீர்மத்தின் கொதிநிலையை உயர்த்துகிறது. சூடாக உள்ளபோது மூடியைத் திறந்தால் அழுத்தம் திடீரெனக் குறைந்து, நீர்மம் உடனே கொதித்துப் பீறிட்டுக் கடுமையான தீப்புண்ணை ஏற்படுத்தும். எனவே பொறி நன்கு ஆறிய பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும்.